தருவாய்: ஸ்பானிய மொழியில் எதிர்காலம் பிறந்த கதை

ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்குவோர் அதன் வினைத்திரிபு அட்டவணைகளைக் கண்டு மலைப்பது இயல்பு. அம்மொழியின் வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என முடியும் மூன்று வகைகளாகப் பிரிகின்றன. நிகழ்காலத்தில் இம்மூன்றுக்கும் தனித்தனி விகுதிகள். இறந்தகாலத்தில் முற்றுப்பெற்ற செயலுக்கு ஒரு வரிசை, தொடர்ந்து நிகழ்ந்த செயலுக்கு வேறொரு வரிசை. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து களைத்த மாணவர் எதிர்காலத்துக்கு வந்து சேரும்போது வியப்படைகிறார். அங்கே எல்லா வினைகளுக்கும் ஒரே விகுதி வரிசைதான். வினையின் இறுதியை வெட்ட வேண்டியதும் இல்லை. அகராதியில் உள்ள முழுச்சொல்லை அப்படியே வைத்து, அதன் பின்னே விகுதியை ஒட்டினால் போதும்.

அமார் என்றால் நேசித்தல். அமரே (நேசிப்பேன்), அமராஸ் (நேசிப்பாய்), அமரா (நேசிப்பார்), அமரேமோஸ் (நேசிப்போம்), அமரேய்ஸ் (நேசிப்பீர்கள்), அமரான் (நேசிப்பார்கள்). கொமேர் (உண்ணல்), விவீர் (வாழ்தல்) ஆகியவற்றுக்கும் இதே ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன் தான்.

இந்த எளிமை நமக்கு ஆறுதல் தருகிறது. கூடவே ஓர் ஐயத்தையும் எழுப்புகிறது. மற்றக் காலங்களிலெல்லாம் வினையின் வாலை நறுக்கிவிட்டு விகுதி சேர்க்கும் மொழி, எதிர்காலத்தில் மட்டும் ஏன் முழுச்சொல்லின் மீது விகுதியை ஏற்றுகிறது? விடை இன்னொரு அட்டவணையில் இருக்கிறது. ஸ்பானியத்தில் 'ஆபேர்' என்றொரு துணைவினை உண்டு. 'உடைத்தாயிருத்தல்' என்பது அதன் பழம்பொருள். எழுத்தில் அதன் முன்னே நிற்கும் ஹகரம் பேச்சில் ஒலிப்பதில்லை. அதன் நிகழ்கால வடிவங்கள் ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆபேய்ஸ், ஆன். முன்னிலைப் பன்மையான ஆபேய்ஸ் தன் தலையை இழந்து ஏய்ஸ் ஆகியிருக்கிறது என்பதைத் தவிர, இரண்டு வரிசைகளும் ஒன்றே.

ஆக, நாம் எதிர்கால விகுதி என்று கருதியது விகுதியே அன்று. அது ஒரு முழு வினை. அதுவும் நிகழ்கால வினை. அமர் + ஏ = அமரே. நன்னூல் கற்ற எவருக்கும் இது புணர்ச்சியியலின் முதற்பாடம்: நிலைமொழி ஈற்று மெய்யின் மீது வருமொழி உயிர் ஏறி ஒன்றாகிவிட்டது. புணர்ந்து பல நூற்றாண்டுகள் ஆனதால் புணர்ந்ததே மறந்துபோய்விட்டது.

*

ஸ்பானியத்தின் தாய்மொழியான இலத்தீனில் எதிர்காலம் இல்லாமல் இல்லை. அமாபோ என்றால் 'நேசிப்பேன்'. ஆனால் அந்த எதிர்காலத்தின் கட்டுமானம் பலவீனமானது. ஒரு வகை வினைகளுக்கு 'போ' என்ற இறுதி. வேறு வகை வினைகளுக்கு உயிரெழுத்தை மாற்றுவது மட்டுமே காலக்குறி. பேச்சு வழக்கில் ஒலிகள் தேயத் தொடங்கியபோது இக்கட்டுமானம் ஆட்டங்கண்டது. இரு உயிர்களுக்கிடையே வந்த பகரமும் வகரமும் வேறுபாடிழந்தன. அதனால் அமாபித் (நேசிப்பான்) என்பதும் அமாவித் (நேசித்தான்) என்பதும் காதுக்கு ஒன்றாயின. குற்றிகரமும் நெட்டேகாரமும் நெருங்கின. அதனால் லெகிஸ் (படிக்கிறாய்) என்பதும் லெகேஸ் (படிப்பாய்) என்பதும் ஒன்றாயின. ஒரு பக்கம் எதிர்காலம் இறந்தகாலத்தோடு மோதியது. மறுபக்கம் நிகழ்காலத்தோடு மோதியது. இரு கரைகளும் அரிக்கப்பட்ட தீவுபோல அது மூழ்கியது.

மூழ்கியதன் மிச்சம் ஒன்று மட்டும் ஸ்பானியத்தில் மிதக்கிறது. இலத்தீனில் எரிஸ் என்றால் 'நீ இருப்பாய்'. அதுவே எரேஸ் என்று மாறி இன்றைய ஸ்பானியத்தில் 'நீ இருக்கிறாய்' என்ற பொருளில் வழங்குகிறது. பழைய எதிர்காலத்தின் எச்சம் நிகழ்காலத்துக்குள் குடிபுகுந்து உயிர்பிழைத்திருக்கிறது.

எதிர்காலத்தைக் குறிக்கும் வடிவம் அழியலாம். நாளையைப் பற்றிப் பேசவேண்டிய தேவை அழிவதில்லை. மக்கள் வேறு வழி கண்டார்கள். அமாரே ஹாபெஓ என்றார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நேசிக்க உடையேன்'. 'எனக்குச் செய்ய வேலை இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது அதில் 'செய்தாக வேண்டும்' என்ற கடமை ஒளிந்திருக்கிறதல்லவா? அதே பொருள்தான் அங்கும். தமிழில் 'நாளை பேசவிருக்கிறார்' என்கிறோம். 'பேச' என்ற எச்சம், 'இருக்கிறார்' என்ற நிகழ்காலத் துணைவினை, இடையே வகர உடம்படுமெய். மூன்றும் சேர்ந்து எதிர்காலத்தைச் சுட்டுகின்றன. இலத்தீன் பேசியோர் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

கி.பி. 200-ஐ ஒட்டிக் கார்த்தேஜில் வாழ்ந்த கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் நூல்களில் இவ்வமைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. இறைவாக்குகளின்படி நடந்தே தீரவேண்டியவற்றைச் சொல்ல அவர் இதைக் கையாள்கிறார். கடமை, பிறகு விதி, பிறகு வெறும் எதிர்காலம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. இது இலத்தீனுக்கு மட்டும் உரிய வழியன்று. ஆங்கிலத்தின் 'ஷல்' முதலில் கடன்பட்டிருத்தலைக் குறித்தது. 'வில்' விருப்பத்தைக் குறித்தது. அமாபோவின் 'போ' கூட, 'ஆதல்' என்று பொருள்படும் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்ததென்பது ஒப்பிலக்கண அறிஞர் பலரின் முடிவு. சமஸ்கிருதத்தின் 'பவதி' அவ்வேரின் மற்றொரு கிளை. அப்படியானால், அழிந்துபோன அந்த எதிர்காலமும் முன்னொரு காலத்தில் ஒட்டவைக்கப்பட்டதே.

*

இரு சொற்கள் ஒரு சொல்லாகிவிட்டன என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு கதைக்குள் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் நாட்டில் தொகுக்கப்பட்ட வரலாற்றுக் குறிப்பு ஒன்று 'பிரெதகார்' என்ற பெயரால் வழங்குகிறது. பேரரசர் ஜஸ்டினியன் பாரசீக அரசனை வென்று பிடித்ததாகவும், அவன் கவர்ந்திருந்த நகரங்களையும் மாகாணங்களையும் திருப்பித் தருமாறு கேட்டதாகவும் அது கூறுகிறது. தோற்றவன் 'தரமாட்டேன்' என்கிறான். அவன் வாயில் வருவது 'தாபோ' என்ற பழைய இலத்தீன் எதிர்காலம், எதிர்மறைச் சொல்லோடு. ஜஸ்டினியன் 'தராஸ்' என்கிறார். தருவாய்! அதனால்தான் அந்த ஊருக்குத் தாராஸ் என்று பெயர் வந்ததாம்.

பெயர்க்காரணம் வெறும் புனைவு. தாரா என்னும் அந்தக் கோட்டை நகரம் இன்றைய துருக்கியின் மார்தின் பகுதியில் இருக்கிறது. ஜஸ்டினியன் 527-இல் அரியணை ஏறுவதற்கு முன்பே, அனஸ்தாசியுஸ் பேரரசர் காலத்தில் அது எழுப்பப்பட்டுவிட்டது. ('தராஸ்' என்பதில் நமது 'தரு' ஒலிக்கக் கேட்டு எவரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம், அது தற்செயல்.) ஆனால் கதை பொய்யாயினும் சொல் மெய். கதையை எழுதியவருக்கும் கேட்டவர்களுக்கும் 'தராஸ்' என்பது அன்றாடப் பேச்சில் பழகிய ஒரே சொல்லாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிடில் அந்தச் சிலேடைக்குப் பொருளில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. பழைய எதிர்காலம் தோற்றவன் வாயிலும் புதிய எதிர்காலம் வென்றவன் வாயிலும் இடம்பெற்றிருக்கிறது. எழுத்தில் நமக்குக் கிட்டும் முதல் தோற்றத்திலேயே இந்தப் புதிய வடிவம் வருவதுரைப்பதாக இல்லை, ஆணையிடுகிறது. 'தரக் கடமைப்பட்டிருக்கிறாய்' என்ற பழம்பொருள் அதில் இன்னும் சூடாறாமல் இருக்கிறது.

*

ஐபீரியத் தீபகற்பத்தில் இப்புணர்ச்சி முழுமை பெற நெடுங்காலம் பிடித்தது. இடைக்காலக் காஸ்தீலியத்தில் வினைக்கும் துணைவினைக்கும் நடுவே பிரதிப்பெயர் நுழைய இடமிருந்தது. 'உனக்குத் தருவேன்' என்பதை 'தார் தெ ஏ' என்று பிரித்துச் சொல்லலாம். தார் (தர), தெ (உனக்கு), ஏ (உடையேன்). எல் சித் காவியத்தின் மொழியில் இத்தகைய பிரிந்த வடிவங்கள் இயல்பாக வருகின்றன. தையல் தெரிந்த சட்டைபோல, ஒட்டிய இடம் அன்று கண்ணுக்குப் புலப்பட்டது. ஸ்பானியத்தில் இவ்வழக்கு பதினேழாம் நூற்றாண்டுக்குள் மறைந்தது. அதன் உடன்பிறப்பான போர்ச்சுகீசியத்தின் முறைசார் எழுத்து நடையில் இன்றும் பிரதிப்பெயர் நடுவே அமர்கிறது.

ஒட்டிய இடத்தில் ஒலிகள் நெருக்குண்டதால் பன்னிரண்டு அடிப்படை வினைகள் மட்டும் உருச்சிதைந்தன. தெனேர் (வைத்திருத்தல்) என்பதன் நடு உயிர் கெட்டு 'தென்ரே' என்றாகி, பிறகு தகரம் தோன்றி 'தெந்த்ரே' ஆயிற்று. பொனேர் (வைத்தல்), வெனீர் (வருதல்), சலீர் (வெளிச்செல்லல்) முதலியவற்றிலும் இப்படியே. மாணவர் இவற்றை விதிவிலக்கு என்று நெட்டுருப் போடுகிறார். உண்மையில் இது நாவின் இயல்பு. 'தென்றல்', 'கன்று' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், னகரத்திலிருந்து றகரத்துக்குச் செல்லும் வழியில் டகரச் சாயல் ஒன்று தானாக முளைப்பதை நாமும் உணரலாம்.

மறையத் தொடங்கிய இத்தையலைக் கண்டு எழுதிவைத்தவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. 1492 ஆகஸ்ட் 18 அன்று சலமாங்காவில் அவரது காஸ்தீலிய இலக்கணம் அச்சாகி முடிந்தது. ஐரோப்பியப் பேச்சுமொழி ஒன்றுக்கு அச்சேறிய முதல் இலக்கணம் அது. இலத்தீனுக்கு இருப்பதுபோன்ற எதிர்காலம் காஸ்தீலியத்துக்கு இல்லை. வினையெச்ச வடிவத்தோடு துணைவினையின் நிகழ்காலத்தைச் சேர்த்துச் சுற்றுவழியில்தான் அது சொல்லப்படுகிறது என்று அவர் கண்டு கூறினார். இன்றைய மொழியியல் சொல்வதும் இதுவே.

அந்த ஆண்டின் பிற நிகழ்ச்சிகளையும் நாம் அறிவோம். சனவரி 2-இல் கிரனாதா வீழ்ந்தது. ஆகஸ்ட் 3-இல் கொலம்பஸ் பாலோஸ் துறையிலிருந்து புறப்பட்டார். இலக்கணம் அச்சாகி முடிந்தபோது கடற்பயணம் தொடங்கிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. நெப்ரிஹா தம் நூலை அரசி இசபெல்லாவுக்குப் படைத்தார். மொழி எப்போதும் பேரரசின் துணையாக வந்திருக்கிறது என்று முன்னுரையில் அறிவித்தார். நூலின் மாதிரியை முன்பு காட்டியபோது இதனால் என்ன பயன் என்று அரசி கேட்டதையும், ஆவிலாவின் ஆயர் தமக்காக மறுமொழி கூறியதையும் அங்கேயே பதிவு செய்கிறார். பல அந்நிய மொழியினரை அரசி தம் நுகத்தடியின் கீழ்க் கொண்டுவந்த பிறகு, வென்றவர் தோற்றவர்க்கு விதிக்கும் சட்டங்களையும் அவற்றோடு நம் மொழியையும் அவர்கள் ஏற்க வேண்டியிருக்கும். அப்போது இந்நூல் உதவும் என்பது ஆயரின் மறுமொழி. ஜஸ்டினியனின் 'தராஸ்' மீண்டும் நம் காதில் ஒலிக்கிறது.

*

அந்த மறுமொழி நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளே ஆயின. 1513-இல் ஹுவான் லோபெஸ் தெ பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் ஓர் அறிவிப்பாணையை வரைந்தார். 'ரெகெரிமியெந்தோ' என்பது அதன் பெயர். புதிய நிலப்பகுதிகளில் இறங்கும் படைத்தலைவர்கள், போர் தொடுக்குமுன் அதை அங்குள்ள மக்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். உலகத்தின் படைப்பில் தொடங்கி, போப்பாண்டவர் அந்நிலத்தை ஸ்பானிய அரசுக்கு வழங்கியது வரை அது விளக்குகிறது. பிறகு பணியுமாறு கோருகிறது. பணிந்தால் என்ன நடக்கும், மறுத்தால் என்ன நடக்கும் என்பதை இரு பகுதிகளாகச் சொல்கிறது.

மறுத்தால் நேரவிருப்பவை முழுவதும் எதிர்கால வினைகளால் ஆனவை. படையோடு நுழைவது, போர் செய்வது, அடக்குவது, பெண்டு பிள்ளைகளைப் பிடிப்பது, அடிமைகளாக்குவது, விற்பது. ஏமோஸ், ஏமோஸ் என்று அடுக்கடுக்காக வரும் அந்த விகுதியை நாம் இப்போது பிரித்துப் பார்க்க முடியும். 'உடையோம்' என்பதே அது. இதனால் விளையும் சாவுகளுக்கும் இழப்புகளுக்கும் குற்றம் உங்களுடையதே என்று ஆணை முடிகிறது. படித்துக்காட்டியதற்குச் சான்றளிக்க எழுத்தர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கேட்பவர்க்கு ஸ்பானியம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை.

1514-இல் பெத்ராரியாஸ் தாவிலாவின் படை இவ்வாணையை எடுத்துக்கொண்டு தாரியென் நோக்கிப் புறப்பட்டது. வழியில் இன்றைய கொலம்பியாவின் சாந்தா மார்த்தா கரையில் இறங்கியபோது, தாளைக் கையில் வைத்திருந்தவர் பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற ஒவியேதோ. அவர்கள் சென்றடைந்த ஊரில் கேட்பதற்கு ஆளே இல்லை. இந்த இறையியலைக் கேட்க இவர்கள் ஆயத்தமாக இல்லை, ஒருவரைப் பிடித்துக் கூண்டில் அடைத்தபின் நிதானமாகக் கற்பித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் தலைவரிடம் தாம் சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். பழங்குடியினருக்காக வாதாடிய லாஸ் காசாஸ், இவ்வாணையைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என்றார்.

தாரியென் பகுதியில் அன்று பேசப்பட்டது குவேவா மொழி. அதைப் பேசிய மக்களோடு அதுவும் அழிந்தது. ஒவியேதோ முதலியோர் குறித்துவைத்த சில சொற்கள் மட்டும் எஞ்சின. அம்மொழியில் எதிர்காலத்தை எப்படிச் சொன்னார்கள், அதற்கென்று வடிவம் இருந்ததா, கடமையிலிருந்து வந்ததா, விருப்பத்திலிருந்து வந்ததா என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை. இலத்தீன் தன் எதிர்காலத்தை இழந்தபோது இன்னொன்றைக் கட்டிக்கொள்ள அதைப் பேசுவோர் இருந்தார்கள். வடிவம் அழிவது வேறு, வாய் அழிவது வேறு.

*

இத்தனை உறுதியோடு முழங்கிய அந்த எதிர்காலத்துக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று? சட்டத்திலும் மறையிலும் அதன் ஆணைக்குரல் நீடித்தது. 'கொலை செய்யாதே' என்னும் கட்டளை இன்றும் ஸ்பானியத்தில் 'நோ மத்தராஸ்' தான்; நேர்ப்பொருள் 'கொல்லமாட்டாய்'. அன்றாடப் பேச்சில் கதை வேறு. குறிப்பாக ஸ்பானிய அமெரிக்காவில், நாளை செய்யப்போவதைச் சொல்ல மக்கள் 'வோய் ஆ தார்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் 'தரப் போகிறேன்'. நம் வழக்கேதான். ஒட்டியது இறுகி முதிர்ந்ததும், மொழி மறுபடி இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் புதிய எதிர்காலத்தைக் கட்டத் தொடங்கிவிட்டது. பழைய இலத்தீனுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது.

பழைய வடிவம் வேலையிழந்து போகவில்லை. வேறு வேலைக்கு மாறியிருக்கிறது. மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் இல்லாதவர் 'செரான் லாஸ் த்ரேஸ்' என்பார். நேராகப் பெயர்த்தால் 'மூன்றாக இருக்கும்'. பேசுவது நாளைய மூன்று மணியைப் பற்றியன்று. இந்தக் கணத்தைப் பற்றித்தான். 'எஸ்தரா என் காஸா' என்றால் 'வீட்டில் இருப்பார்', அதாவது இருக்கக்கூடும். தமிழிலும் நாம் இதையே செய்கிறோம் என்பது எண்ணி மகிழத்தக்கது. காலமயக்கத்துக்கு நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்கள் கூறுகிறார். 'மணி மூன்று இருக்கும்' என்னும் நமது ஊகம் அந்நான்கனுள் எதிலும் எளிதில் அடங்குவதில்லை.

ஸ்பானிய எதிர்காலத்தின் இந்த ஊகப் பொருளை இலக்கணத்துக்குள் வைத்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அந்திரேஸ் பெல்யோ. வெனிசுவேலாவில் பிறந்து, இளமையில் பொலிவாருக்கு ஆசிரியராக இருந்து, சிலி நாட்டில் வாழ்ந்தவர். அவரது இலக்கணம் 1847-இல் சாந்தியாகோவில் வெளிவந்தது. அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கென்று எழுதப்பட்டது என்பதை அதன் தலைப்பே கூறுகிறது. வெல்லப்படவிருப்போருக்குச் சட்டத்தைக் கற்பிக்க உதவும் என்ற வாக்கோடு ஓர் இலக்கணம் வந்தது 1492-இல். விடுதலை பெற்ற நாடுகள் தம் மொழியைத் தாமே காத்துக்கொள்ள இன்னோர் இலக்கணம் வந்தது 355 ஆண்டுகள் கழித்து. முதலாவது, எதிர்காலத்துக்குள் 'உடைமை' இருப்பதைக் கண்டது. இரண்டாவது, அதே எதிர்காலத்துக்குள் ஐயமும் இருப்பதைக் கண்டது.

ஒரே விகுதிதான். 'தராஸ்' என்று அது அதட்டியது. 'ஏமோஸ்' என்று ஆளில்லாத ஊர்களின் முன் நின்று அச்சுறுத்தியது. இன்று கடிகாரம் இல்லாதவர் ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு, மூன்று இருக்கும் என்று தயங்கிச் சொல்வதற்கு அது துணைநிற்கிறது. நாளையை அறுதியிட்டுச் சொல்லவந்த சொல், இன்றைக்கூட அறுதியிட முடியாதென்று ஒப்புக்கொள்ளும் சொல்லாக முதிர்ந்திருக்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்யும் மாணவர் ஏ, ஆஸ், ஆ என்று ஒப்பிக்கும்போது, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இந்தப் பயணத்தைத்தான் ஒப்பிக்கிறார்.